செயற்கைக்கோள் செய்யத் தெரிந்தவர்களுக்கு விற்கவும் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குலசேகரன்பட்டினம் ஏவுதளம் பற்றி நாளிதழில் செய்தி வந்தால் போதும், காலை எட்டு மணிக்குள் என் பழைய மாணவர்கள் நாலைந்து பேர் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டியது, சுமார் 986 கோடி ரூபாய் திட்டம், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குக் கிளம்பும் ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்காமல் இருக்க வளைந்து போக வேண்டியிருப்பது, அந்த வளைவில் சின்ன ராக்கெட்டின் எரிபொருள் கரைந்து சுமக்கும் எடை குறைந்துவிடுவது, குலசையிலிருந்து தெற்கே நேராகக் கடல்தான் என்பது, இதெல்லாம் இன்றைக்கு எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கே அத்துப்படி. ரொம்ப சந்தோஷம். ஆனால் அந்த ராக்கெட்டில் ஏறப்போகும் சரக்கு யாருடையது, அதைச் செய்து விற்கப்போவது யார் என்று யாரும் கேட்கக் காணோம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தென்மாவட்டப் பொறியியல் கல்லூரி ஒன்றில் 27 வருடம் மின்னணுவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கடைசி சில வருடங்களில் இரண்டு மாணவர்களோடு சேர்ந்து மேக்னட்டார்க்கர் என்ற ஒரு சின்னப் பொருளைச் செய்தோம். சின்னச் செயற்கைக்கோள் ராக்கெட்டிலிருந்து பிரிந்ததும் கண்டபடி உருண்டுகொண்டிருக்கும். அதை நிறுத்தி வேண்டிய பக்கம் திருப்ப, ஒரு செம்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் விட்டால் அது தற்காலிகக் காந்தமாகி, திசைகாட்டி முள் திரும்புவது போல பூமியின் காந்தப்புலத்துக்கு ஏற்பத் திரும்பும், கூடவே செயற்கைக்கோளையும் திருப்பும். எரிபொருள் வேண்டாம், தேயும் பாகம் கிடையாது. உள்ளங்கையில் அடங்குகிற பொருள்தான். ஆனால் தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமனான எனாமல் கம்பியை நூற்றுக்கணக்கில் சுற்ற வேண்டும், சுற்றும்போது கம்பி அறுந்துகொண்டே இருக்கும். லேபில் ஒரு மாதம் போராடிவிட்டு, கடைசியில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்றுக்குப் போனோம். அங்கே இருந்த அண்ணாச்சி என் மாணவனின் கையைப் பார்த்துவிட்டு, "கம்பிய இழுத்துப் புடிக்காத தம்பி, ரெண்டு விரலுக்கு நடுவுல தானா ஓட விடு" என்று சொல்லி, தன் விரலில் வைத்துக் காட்டினார். அன்றைக்கு மத்தியானமே முதல் சுருள் அறுபடாமல் முடிந்தது.

சுருள் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு கூண்டும் கட்டினோம். அலுமினியச் சட்டத்தில் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு மூன்று ஜோடிச் சுருள்கள். உள்ளே பூமியின் காந்தப்புலத்தை ரத்து செய்துவிட்டு, 500 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள் எந்தப் புலத்தைச் சந்திக்குமோ அதை உண்டாக்கலாம். எங்கள் கணக்கில் அது வெறும் சோதனைக் கருவி. விற்கிற பொருள் மேக்னட்டார்க்கர்தான் என்று ஒரு சந்தேகமும் இல்லாமல் நம்பிக்கொண்டிருந்தோம்.

இரண்டு வருட வேலைக்கு அப்புறம் அதைப் பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு, பெங்களூரில் சின்னச் செயற்கைக்கோள் செய்யும் ஒரு நிறுவனத்துக்குப் போனோம். எதிரே உட்கார்ந்தது ஒரு சேலத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. அவர் கேட்ட முதல் கேள்வி, "சார், இது பறந்திருக்கா?" இல்லை. "பத்து வேணும்னா எத்தனை வாரத்துல தருவீங்க? பத்தும் ஒரே மாதிரி இருக்குமா?" யோசித்ததே இல்லை. "விலை?" கம்பி, எபாக்ஸி, கனெக்டர் விலையைக் கூட்டி, கொஞ்சம் மேலே வைத்து நான் சொன்ன தொகையைக் கேட்டு அவர் முகம் வாடிவிட்டது. அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று நான் பதறினால், அவர் சொன்னார்: "இந்த விலைக்கு வித்தா மூணு வருஷத்துல நீங்க கம்பெனியே நடத்த முடியாது சார். அப்புறம் ஒரு பிரச்சினைன்னா நாங்க யார்கிட்ட வர்றது?" அந்த வார்த்தை இன்றும் காதில் இருக்கிறது. சோதனை ஆள் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, கெட்டுப்போனால் மாற்றித் தரும் செலவு இல்லை, எதுவுமே என் கணக்கில் இல்லை.

கிளம்பும்போது பேச்சுவாக்கில், இதை எப்படி டெஸ்ட் பண்ணினீர்கள் என்று கேட்டார். கூண்டைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுருள் சுற்ற அவர்களுக்கே தெரியுமாம், அவர்கள் தடுமாறுவது சோதனையில்தானாம். வரிசையில் நின்று, நாள் கணக்கில் காத்திருந்து, பெரிய ஆய்வகங்களில் நேரம் வாங்க வேண்டியிருக்கிறது. "உங்க கூண்டுல ஒரு நாளைக்கு எவ்வளவு சார்?" என்று கேட்டார். அதாவது நாங்கள் விற்க நினைத்ததை அவர்கள் வாங்கத் தயாரில்லை, விற்கவே நினைக்காததை அன்றைக்கே வாங்கத் தயாராக இருந்தார்கள். முக்கால் மணி நேரப் பேச்சில் தெரிந்த விஷயம் இரண்டு வருடம் லேபில் உட்கார்ந்தும் எங்களுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அதுவரை ஒருவரையும் போய்க் கேட்கவே இல்லை.

ஊருக்கு வந்து கல்லூரியில் கேட்டால், வெளி நிறுவனத்துக்குச் சோதனை செய்து தந்து பணம் வாங்க வழிமுறையே இல்லை என்றார்கள். பில் யார் பெயரில் போடுவது, மாணவருக்குப் பங்கு உண்டா, ஆசிரியர் அதில் இயக்குநராக இருக்கலாமா என்று ஆறு மாதம் கோப்பு நகர்ந்தது. அதற்குள் இரண்டு மாணவர்களும் படிப்பு முடிந்து மென்பொருள் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் தப்பே சொல்ல மாட்டேன். வீட்டில் கடன் இருக்கிறது, தங்கை இருக்கிறாள், எத்தனை நாள் காத்திருப்பார்கள்?

இதற்கு நடுவில் தொழில்முனைவோர் பயிற்சி என்று இரண்டு நாள் வகுப்புக்கும் போய் வந்தேன். நடத்தியது யார் என்பது முக்கியமில்லை. கம்பெனி பதிவு செய்வது எப்படி, முதலீட்டாளரிடம் பத்து ஸ்லைடில் பேசுவது எப்படி என்றெல்லாம் சொன்னார்கள், உதாரணம் எல்லாம் சாப்பாட்டு ஆப்பும் துணி விற்கும் ஆப்பும்தான். அந்தத் தொழில்களுக்கு அது பொருந்தலாம். ஆனால் இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் முதல் ஆர்டர் வரும், வாங்குபவர்கள் நாடு முழுக்கச் சில டஜன் பேர்தான், பொருள் ஒருமுறை மேலே போனால் திரும்ப எடுத்துச் சரிசெய்ய முடியாது என்கிற தொழிலுக்கு அந்த வகுப்பில் ஒரு வார்த்தைகூட இல்லை. செயற்கைக்கோள் பாகம் ஒன்றையாவது விற்றுப் பார்த்தவர் ஒருவரும் மேடையில் இல்லை.

அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011-ல் ஐ-கார்ப்ஸ் என்ற பயிற்சியைத் தொடங்கியது. ஸ்டீவ் பிளாங்க் என்ற தொழில்முனைவர் ஸ்டான்ஃபோர்டில் நடத்திய பாடம்தான் அதற்கு அடிப்படை. மூன்று பேர் கொண்ட குழுவாகச் சேர வேண்டும். கண்டுபிடிப்பைச் செய்த ஆராய்ச்சியாளர் ஒருவர், தொழிலை நடத்தப்போகும் ஆள் ஒருவர், அவர் பெரும்பாலும் அதே லேபில் ஆராய்ச்சி செய்யும் மாணவராக இருப்பார், அப்புறம் வியாபாரத்தில் அடிபட்டு வந்த அனுபவசாலி ஒருவர். ஏழு வாரத்துக்குள் 100 பேரை நேரில் பார்த்துப் பேச வேண்டும். பேசும்போது தங்கள் பொருளை விற்கக் கூடாது, எதிரே இருப்பவருக்கு எங்கே வலிக்கிறது என்று மட்டும் கேட்க வேண்டும். வாராவாரம் கேட்டதை வகுப்பில் வந்து சொல்ல வேண்டும், சொன்னதை அங்கேயே பிரித்து மேய்ந்துவிடுவார்கள். போக வர ஆகும் செலவுக்குப் பணமும் தருகிறார்கள். நாசாவும் தன்னிடம் ஆராய்ச்சி நிதி வாங்கும் சிறு நிறுவனங்களின் குழுக்களை இதே பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறது. நூறு பேரிடம் பேசிவிட்டு, இந்தப் பொருளை யாரும் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்து நிறுத்திக்கொள்ளும் குழுவும் உண்டு. அந்தக் குழுவுக்கு மிச்சமான வருடங்களையும் பணத்தையும் நினைத்துப் பார்த்தால் அதுவும் பயிற்சிக்குக் கிடைத்த பலன்தான்.

விஞ்ஞானி வியாபாரி ஆனால் விஞ்ஞானம் கெட்டுவிடும் என்று நம் கல்லூரி வட்டாரத்தில் ஒரு பயம் இருக்கிறது, நானும் அப்படி நினைத்த ஆள்தான். இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். மார்ட்டின் ஸ்வீட்டிங்கும் அவர் குழுவும் 1981-ல் யூஓசாட்-1 என்ற சின்னச் செயற்கைக்கோளைச் செய்து அனுப்பினார்கள். 1985-ல் வெறும் 100 பவுண்டு மூலதனத்தில் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கம்பெனி தொடங்கினார்கள். செயற்கைக்கோளோடு சேர்த்து அதைச் செய்யும் பயிற்சியையும் பிற நாடுகளுக்கு விற்றார்கள். தென் கொரியாவின் கைஸ்ட் என்ற அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து இளம் பொறியாளர்கள் அங்கே போய்க் கற்றுக்கொண்டு வந்தார்கள், 1992 ஆகஸ்டில் கிட்சாட்-1 பறந்தது. அதே கைஸ்ட் ஆட்கள் பிற்பாடு சாட்ரெக் இனிஷியேட்டிவ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கி, மலேசியாவுக்கு ரசாக்சாட்டும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு துபாய்சாட்-1-ம் செய்து கொடுத்தார்கள், இரண்டும் 2009-ல் மேலே போயின. அமீரகத்துப் பொறியாளர்களும் கொரியாவுக்கு வந்து கூடவே உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொள்ளப் போனவன் இருபது வருடத்துக்குள் விற்பவனும் கற்றுக்கொடுப்பவனுமாக ஆகிவிட்டான்.

இன்னொரு உதாரணம் நம் மண்ணிலிருந்தே கிளம்பியது. 2017 பிப்ரவரி 15 அன்று பிஎஸ்எல்வி-சி37 ஒரே பயணத்தில் 104 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோனதை நாம் எல்லோரும் கொண்டாடினோம். அதில் 88, பிளானட் என்ற ஒரே நிறுவனத்துடையவை. அதைத் தொடங்கியவர்கள் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் வேலை பார்த்த விஞ்ஞானிகள், 2010-ல் வெளியே வந்தவர்கள். அவர்களின் முக்கிய வியாபாரம் செயற்கைக்கோள் விற்பது இல்லை. பூமியைத் தினமும் படம் எடுத்து, அந்தப் படத்தை விவசாயம், காடு, காப்பீடு பார்ப்பவர்களுக்கு விற்கிறார்கள். எதை விற்பது என்ற அந்த முடிவுதான் கம்பெனியாக நின்றது. ராக்கெட் நம்முடையது, வருமானம் பெரும்பாலும் யாருக்கு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நம்மிடம் கைத்திறன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009 ஏப்ரல் 20 அன்று பறந்தது, இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதல் செயற்கைக்கோள் அதுதான், 40 கிலோ. 2016-ல் ஒன்றரைக் கிலோவில் சத்யபாமாசாட், 2017-ல் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து நியுசாட். சென்னை ஐஐடியில் முளைத்த அக்னிகுல் என்ற நிறுவனம், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாகச் செய்த எஞ்சினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுமேடையிலிருந்து ராக்கெட் விட்டது. ஹைதராபாத்தில் ஸ்கைரூட் என்ற ராக்கெட் கம்பெனியைத் தொடங்கியவர்கள் இஸ்ரோவில் வேலை பார்த்தவர்கள். "பறந்திருக்கா" என்ற அந்த முதல் கேள்விக்கும் இப்போது வழி இருக்கிறது. பிஎஸ்எல்வியின் வேலை முடிந்த நான்காம் அடுக்கையே மேடையாக்கி, போயம் என்ற பெயரில் அதில் சின்னக் கருவிகளைப் பொருத்திச் சோதிக்க இஸ்ரோ இடம் தருகிறது. 2024 டிசம்பர் 30 அன்று போன போயம்-4-ல் 24 கருவிகள் இருந்தன, அதில் 10 கல்லூரிகளும் தனியார் நிறுவனங்களும் செய்தவை. பணத்துக்கும் கதவு திறந்திருக்கிறது. விண்வெளி ஸ்டார்ட்அப்களுக்காக 1,000 கோடி ரூபாய் நிதிக்கு மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது. தமிழ்நாடு அரசின் விண்வெளித் தொழில் கொள்கை 2025 ஏப்ரலில் வந்தது, ஐந்து வருடத்தில் 10,000 கோடி முதலீடு என்பது அதன் இலக்கு.

இஸ்ரோ 2019-லிருந்து உன்னதி என்ற பெயரில் பெங்களூரில் வெளிநாட்டுப் பொறியாளர்களை வரவழைத்து நானோ செயற்கைக்கோளைக் கோத்துச் சோதிக்கக் கற்றுக்கொடுத்தது. நல்ல காரியம். அதே அக்கறையோடு, நம் ஊர் ஆராய்ச்சியாளருக்குத் தன் பொருளை யார் வாங்குவார் என்று தேடிப் போகக் கற்றுக்கொடுக்கும் ஒரு பயிற்சி தென்மாவட்டங்களில் வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

வகுப்பறையில் நாற்காலி போட்டு நடத்தும் பயிற்சி வேண்டாம். பையில் துணி எடுத்துக்கொண்டு கிளம்பிப் போகிற பயிற்சியாக இருக்கட்டும். கடல் சம்பந்தப்பட்ட கருவி செய்பவர் உவரி, தருவைகுளம் மாதிரி மீனவர் ஊர்களுக்குப் போக வேண்டும். ஒரு தடவை என் மாணவர்கள் மீன் எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்திலிருந்து சொல்லும் யோசனையோடு போனார்கள். கடல்நீரின் வெப்பத்தையும் பாசியின் நிறத்தையும் வைத்து அதை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் பல வருடமாக இலவசமாகவே சொல்லி வருகிறது என்பது அங்கே போன பிறகுதான் இவர்களுக்குத் தெரிந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "டவர் கிடைக்காத எடத்துல எஞ்சின் நின்னு போச்சுன்னா வீட்டுக்கு ஒரு சேதி சொல்லணும்யா, அதுக்கு வழி சொல்லு" என்றார். ஒரு லட்சம் படகுகளுக்கு இஸ்ரோ தொழில்நுட்பத்தில் டிரான்ஸ்பாண்டர், அதாவது செயற்கைக்கோள் வழியாகச் சேதி அனுப்பும் கருவி, பொருத்த மத்திய அரசு 364 கோடி ரூபாய்க்குத் திட்டம் போட்டது அந்தப் பெரியவர் சொன்ன அதே தேவைக்காகத்தான். பயிர் பார்க்கும் கேமரா செய்பவர் வேளாண் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போகட்டும். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல் விளைச்சலைக் கணக்கிட 2023 காரீப் பருவத்திலிருந்து செயற்கைக்கோள் தரவையும் சேர்க்கிறார்கள், அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எந்தப் படம் எத்தனை நாளுக்குள் வேண்டும் என்று கேட்டால் ஒரு நாள் பேசுவார்.

விலை போடுவது தனியாக ஒரு வாரப் பாடமாக இருக்க வேண்டும், என் கதையே அதற்குச் சாட்சி. அதோடு காகித வேலை. செயற்கைக்கோளை மேலே அனுப்ப, தனியார் விண்வெளி வேலைகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான இன்ஸ்பேஸின் அனுமதி, ரேடியோ அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புத் துறை வழியாகச் சர்வதேச ஒருங்கிணைப்பு, வெளிநாட்டுக்கு விற்றால் ஏற்றுமதிக்கு அனுமதி தேவைப்படும் பொருட்களின் ஸ்கோமெட் பட்டியலில் வருகிறதா என்ற சோதனை, இதில் ஒன்று பிந்தினாலும் முடித்த பொருள் அலமாரியில் தூங்கும். இதையெல்லாம் ஒருமுறை செய்து முடித்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில், படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லித் தர வேண்டும். எங்கள் பக்கத்து மாணவர்கள் ஆங்கிலத்தில் பரீட்சை எழுதிவிடுவார்கள், ஆனால் புரியாத இடத்தில் தயங்காமல் கேள்வி கேட்பது தமிழில்தான்.

எல்லா விஞ்ஞானியும் முதலாளி ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. என்னைக் கேட்டால் நிறையப் பேர் ஆகக் கூடாது. கூட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். வியாபாரம் தெரிந்தவர்களுக்கு நம் மாநிலத்தில் என்ன பஞ்சம்? சிவகாசியிலும் விருதுநகரிலும் கடன் கொடுத்து வாங்கி, நாடு முழுக்கச் சரக்கு அனுப்பிப் பழகிய குடும்பங்கள் எத்தனை, கோயம்புத்தூரில் பம்பு செய்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்பவர்கள் எத்தனை! அந்த வீட்டுப் பிள்ளைகள் எம்பிஏ முடித்துவிட்டு அப்பா தொழிலையே இன்னொரு தடவை செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் எங்கள் லேப் ஆள் ஒருவரையும் மூன்று மாதம் ஒரே அறையில் உட்கார வைத்தால் போதும். வழிகாட்டியாக அந்த மோட்டார் கடை அண்ணாச்சி மாதிரி ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் கடையில் வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும், எந்த இடத்தில் கழிவு போகும், யாரிடம் எவ்வளவு கேட்கலாம் என்று துல்லியமாகத் தெரியும்.

கல்லூரிகளுக்கும் ஒரு உத்தரவு வேண்டும். ஆசிரியர் ஒன்றிரண்டு வருடம் விடுப்பில் போய்த் தொழில் தொடங்கித் திரும்பி வர வழி, லேப் கருவியை வெளி நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டு ரசீது தர வழி, கண்டுபிடிப்பில் மாணவருக்கு எத்தனை பங்கு என்று முதல் நாளே எழுதி வைக்கும் பழக்கம். பயிற்சி முடித்து வந்தவர் மறுபடியும் ஆறு மாதம் கோப்புக்குப் பின்னால் அலைந்தால் பயிற்சிக்குச் செலவழித்த பணம் வீண்.

தமிழ்நாடு அரசின் தொழில் துறையில் விண்வெளித் தொழில் கொள்கையை நடைமுறைப்படுத்தும் அதிகாரிகள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். முதல் குழுவைச் சென்னையில் தொடங்காதீர்கள், திருநெல்வேலியில் தொடங்குங்கள். பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் காந்த நடுக்கோடு எங்கள் பக்கம்தான் போகிறது, அதனால்தான் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் இங்கே ஒரு ஆய்வு மையமே வைத்திருக்கிறது, குலசை இரண்டு மணி நேரப் பயணம். பத்துக் குழு போதும். சேர்ந்த மறுநாளே ஒவ்வொரு குழுவுக்கும் பெங்களூர் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து, அங்கே செயற்கைக்கோள் செய்யும் ஐந்து இடங்களில் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள்.

எங்கள் கூண்டு இன்னும் அந்த லேபின் மூலையில் இருக்கிறது. போன மாதம் போய்ப் பார்த்தேன், சட்டமும் சுருளும் அப்படியே இருக்கின்றன, பவர் சப்ளை மட்டும் மாற்ற வேண்டும். யாராவது அதை வைத்துத் தொழில் தொடங்க முன்வந்தால், சனி ஞாயிறு எந்த நாளானாலும் நான் கூட வந்து உட்காரத் தயார், சம்பளம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுவியல் பேராசிரியர்,
பாளையங்கோட்டை.